மூன்றாவது வீடு

"கையை நீட்டுங்க ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். நீட்டிவிட்டேன். யார் கையை நீட்டு என்றாலும் நீட்டிவிடுகிற ஜென்மம் நான். அதற்குள் ஒரு பச்சைப் பட்டையை என் மணிக்கட்டைச் சுற்றி ஒட்டிவிட்டு, "ஒருத்தர் குறையுதேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வேன்லயே உக்காந்துட்டீங்களா? சீக்கிரம் உள்ள போங்க, மூணாவது வீடு ஆரம்பிச்சிட்டாங்க" என்கிறாள். எந்த வேன்? எது மூன்றாவது வீடு? விடியற்காலையில் நான் தண்ணீர் அடித்துக் கழுவிய படியில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, என் வீட்டுக்குள் போக எனக்கே வழி காட்டுகிறாள். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் அம்மா, அதை எடுக்கத்தான் மாதா கோயிலிலிருந்து திரும்பி வந்தேன், கண்ணாடி இல்லாமல் பாட்டுப் புத்தகத்தில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது, நான் இந்த வீட்டுக்காரி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில் "இந்த வீட்டோட அழகே என்னன்னா" என்று ஒரு குரல் வந்தது. சரி, என்ன அழகு என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வோமே என்று ஒரு குறும்பு. ஒரு வாரமாக ஒட்டடை அடித்து, பித்தளைக் குமிழ்களுக்குப் புளி போட்டுத் தேய்த்து, இடுப்பு ஒடிந்தவள் நான்தானே. பாராட்டை மறைந்து நின்று கேட்கிற ருசி யாருக்கு இல்லை? பெர்னார் பிரான்சிலிருந்து போன் செய்து சொன்னபோதே எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "அண்ணி, பழைய வீடுங்களைக் காப்பாத்தற சங்கம் ஒண்ணு இருக்குல்ல, கிறிஸ்மஸ் லீவுல டூர் நடத்துறாங்க. டிக்கெட் காசுல இடியப்போற வீடுங்களை ரிப்பேர் பண்றாங்க. நம்ம வீட்டையும் கேட்டாங்க, சரின்னுட்டேன். சனிக்கிழமை காலைல மட்டும் நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, கூட்டம் வரும், உங்களுக்குத்தான் தொந்தரவு." என் மேல் எத்தனை அக்கறை என்று நினைத்தேன். என் கணவரின் தம்பி. நான் மருமகளாக வந்தபோது அரை டிரவுசரோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். அவனுக்குத் தலை வாரிவிட்டிருக்கிறேன்.

உள்ளே போனேன். கூடத்தில் என் பிளாஸ்டிக் நாற்காலியைக் காணோம். டிவியைக் காணோம், இல்லை, இருக்கிறது, அதன்மேல் லேஸ் துணியைப் போர்த்தி ஒரு விளக்கை வைத்திருக்கிறார்கள். டிவி மேல்தானே கண்ணாடியை வைத்தேன், கண்ணாடி எங்கே? மருந்து டப்பா இல்லை. மளிகைக் கடைக் காலண்டர் இல்லை. கொடியில் காயப்போட்டிருந்த நைட்டி, துண்டு ஒன்றும் இல்லை, கொடியே இல்லை. வருகிறவர்களுக்காக ஒதுக்கி வைத்திருப்பார்கள், நானாக இருந்தாலும் ஒதுக்கித்தான் வைப்பேன், இதில் கோபப்பட என்ன இருக்கிறது. கூட்டம் முற்றத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது, எல்லோர் கையிலும் பச்சைப் பட்டை, என் கையிலும். நடுவில் சங்கத்துப் பையன், இளம்பரிதி என்று யாரோ கூப்பிட்டார்கள், ஜிப்பா போட்டுக்கொண்டு, காதோரம் மைக் மாட்டிக்கொண்டு, நல்ல களையான முகம். "கீழ்த்தளம் தமிழ் முறை, முற்றம், மரத்தூண். மாடி பிரெஞ்சு முறை, வளைவு ஜன்னல், பால்கனி. புதுச்சேரியில ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள குடித்தனம் பண்ணுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றாகத்தான் சொல்கிறான். தூணில் இருக்கிற வெட்டைக் காட்டி, கலவரக் காலத்தில் பட்டதாக இருக்கலாம் என்றான். அது எங்கள் வீட்டுக்காரர் லாம்பிரட்டா ஸ்கூட்டரை உள்ளே ஏற்றும்போது இடித்தது. இருக்கட்டும், கலவரம் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற பட்டுப்புடவை அம்மாள் என் தோளைத் தொட்டு, "ஏனுங்க, உங்களை வேன்ல பார்க்கலையே, எந்த ஊருங்க?" என்றாள். "இந்த ஊருதான்" என்றேன். "உள்ளூர்க்காரங்களே காசு குடுத்துப் பார்க்க வந்திருக்கீங்களா, பரவால்லைங்க. நாங்க கோயம்புத்தூர்ங்க. எங்க ஊட்டுக்காரர் வேன்லயே படுத்துட்டார்." அவரைத்தான் அந்தப் பெண் எண்ணிக் காணோம் என்று தேடியிருக்கிறாள். அவர் பட்டையைத்தான் நான் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"இந்தப் படத்தைப் பாருங்க" என்றான் இளம்பரிதி. எங்கள் வீட்டுக்காரர் படம். ராணுவ உடுப்பில், தொப்பியைச் சற்றுச் சாய்த்து. அந்தப் படத்துக்கு நான் தினமும் காலையில் ஒரு வார்த்தை சொல்லாமல் காபி குடித்ததில்லை. "வீட்டோட மூத்த மகன், லுய் சவரிராயன். பிரெஞ்சுப் படையில இருந்தவர். இங்க அவங்களை சொல்தான்னு சொல்வாங்க. கல்யாணம் பண்ணிக்காமயே இந்த வீட்டுல இருந்து காலமாயிட்டார்." என்ன சொன்னான்? கூட்டம் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தூணுக்கு நகர்கிறது, நான் நகரவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே. யாரைச் சொல்கிறான், வேறு படமோ, கண்ணாடி இல்லையே, கிட்டப் போய்ப் பார்த்தேன், அவர்தான். படத்துக்குப் பக்கத்தில் எங்கள் கல்யாணப் படம் இருக்க வேண்டும், என் தலையில் வெள்ளை முக்காடு, கையில் பூங்கொத்து, அவருக்கு வியர்த்து வழிந்த நெற்றி. அந்த ஆணியில் இப்போது ஒரு பச்சை இலை வளையம், சிவப்பு ரிப்பன் கட்டி. வளையத்துக்குப் பின்னால் சுவரில் சதுரமாக வெளுத்த இடம் தெரிகிறது. அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கழற்றி எங்கே வைத்தார்கள்? குளியலறையிலா, என் நைட்டியோடு சேர்த்தா?

கோயிலில் தாலி கட்டினார். சாமியார் கேட்டார், சம்மதமா என்று, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இவ்வளவு சத்தமாகச் சம்மதம் என்றார், பின் வரிசையில் சிரித்தார்கள். பாண்டு வாசித்தார்கள். தெருவே சாப்பிட்டது. ஆனால் கான்சலேட்டில் பதியவில்லை. சொல்தா குடும்பத்தில் அதுதான் பெரிய தப்பு, எனக்குத் தெரியும், இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் எத்தனை மணி அடித்தாலும் பிரெஞ்சுக்காரன் காகிதத்தில் ஏறாத பெண்டாட்டி அவன் கணக்கில் பெண்டாட்டி இல்லை, வாரிசும் இல்லை. "அடுத்த தடவை பென்ஷன் விஷயமாப் போறப்ப சேர்த்துப் பதிஞ்சிடலாம், அமலோற்பவம்" என்பார். அடுத்த தடவை வரிசை நீளம் என்று திரும்பி வந்துவிடுவார். அடுத்த தடவை போட்டோ அளவு சரியில்லை. அடுத்த தடவை மழை. நானும் வற்புறுத்தவில்லை, காகிதத்துக்கா சமைத்துப் போட்டேன் என்று ஒரு திமிர் எனக்கு. அவர் போனபின் பென்ஷன் நின்றுபோனது, சரி, அந்நியன் கொடுத்த காசு அந்நியனோடு போகட்டும் என்று ட்யூஷன் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டேன். அந்தக் காகிதக் குறை கான்சலேட் வாசலோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். அது கடல் தாண்டிப் போய், பெர்னாரிடம் போய், திரும்பி என் கூடத்துக்குள் நடந்து வரும் என்று நினைக்கவில்லை. பெர்னார் சொல்லியிருக்க மாட்டான். அண்ணன் அடக்கத்துக்கு வந்தவன் என் தோளில் சாய்ந்து அழுதான், மறுநாள் என் விந்தாலிக் கறியைத் தட்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, அம்மா கை அப்படியே உங்களுக்கு" என்றான். அவன் சொல்லியிருக்க மாட்டான். இந்தப் பையன்தான் ஏதோ குழப்பிக்கொண்டான், தூணைக் குழப்பவில்லையா, அதுபோல. ஆனால் கல்யாணப் படத்தைக் கழற்றச் சொன்னது யார்? தூசி தட்டக் கழற்றியிருப்பார்கள். தூசி தட்டினவர்கள் அவர் படத்தை மட்டும் ஏன் மாட்டினார்கள்?

"இப்ப ஒரு சந்தோஷமான செய்தி" என்றது மைக். நான் ஓடிப் போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றேன். ஓடினேன், ஆமாம், என் வீட்டில் ஒரு செய்தியைக் கேட்க. "இந்த வீட்டோட உரிமையாளர் திரு. பெர்னார் சவரிராயன் பிரான்ஸ்ல இருக்கார். அவர் பெரிய மனசு பண்ணி இந்த வீட்டை முழுசா பராமரிப்புக்காக எங்க சங்கத்துக்கிட்ட ஒப்படைக்கிறார். பொங்கலுக்கு அப்புறம் வேலை ஆரம்பிக்குது. அடுத்த கிறிஸ்மஸ் டூர்ல நீங்க இதே வீட்டைப் புதுசாப் பார்க்கலாம்." பட்டுப்புடவை அம்மாள் கையைத் தூக்கினாள். "ஏனுங்க தம்பி, இப்ப இங்க யாருமே குடியில்லீங்களா?" அந்தப் பையன் சிரித்த முகத்தோடு சொன்னான், இதில் எங்கேயும் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. "குடும்பத்தார் யாரும் இல்லம்மா. வீட்டைப் பார்த்துக்க ஒரு வயசான அம்மா தங்கியிருக்காங்க. அவங்களையும் சார் விட்டுடலை. கன்னியர் நடத்துற முதியோர் இல்லத்துல அவங்களுக்கு ஒரு இடம் ஏற்பாடு பண்ணியாச்சு. கடைசிவரைக்கும் அவங்க பார்த்துக்குவாங்க." "அடடா" என்றார்கள் இரண்டு மூன்று பேர். யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். படபடவென்று முற்றம் முழுக்கச் சத்தம். அதில் ஒரு சத்தம் மிகக் கிட்டத்தில் கேட்கிறது, குனிந்து பார்க்கிறேன், என் கைகள்.

நான் கைதட்டினேன். வேறு எதையாவது நினைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை, அங்கேயே வந்து முட்டுகிறது. ஏன் தட்டினேன்? கோயிலில் எல்லோரும் எழுந்தால் எழுவோம், முழந்தாளிட்டால் முழந்தாளிடுவோம், அந்தப் பழக்கமா? என்னை வெளியே அனுப்புகிறார்கள், நான் கைதட்டுகிறேன். உள்ளங்கை இன்னும் சுடுகிறது. "நல்ல மனசுக்காரங்க, ஊட்டு வேலைக்கு இருந்தவங்களுக்கு இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்யறாங்க" என்கிறாள் பட்டுப்புடவை அம்மாள், நான் தலையாட்டுகிறேன், தலையும் என் பேச்சைக் கேட்கவில்லை. அந்த இல்லம் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் நான்தான் மாதர் சங்கத்தோடு அங்கே கேக் கொண்டுபோவேன். ஃபினாயில் வாடை. வரிசையாகக் கட்டில், கட்டில் அடியில் ஆளுக்கொரு தகரப் பெட்டி, ஆளுக்கொரு தட்டு, தட்டின் விளிம்பில் பெயிண்டில் பெயர். கன்னியர்கள் நல்லவர்கள், அதில் குறையில்லை. ஆனால் போன வருஷம் ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுல கேக்குல முந்திரி போடுவேன்" என்றாள், அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள், கையை விடவேயில்லை, நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். வெளியே வந்து, பாவம், புத்தி பிசகிப்போயிற்று என்று எல்லோரிடமும் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் பிசகிப்போகவில்லை. அவள் சொன்னது அட்ரஸ். எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்று சொன்னாள். என் தட்டில் என்ன பெயர் எழுதுவார்கள்? அமலோற்பவம் மட்டுமா, சவரிராயன் உண்டா? இங்கேயே கத்திவிட்டால் என்ன? கத்தினால், பாவம், அந்த வயசான அம்மா இதுதான், புத்தி பிசகிப்போயிற்று என்பார்கள். நான் சொன்ன வார்த்தையை எனக்கே சொல்வார்கள்.

கூட்டம் கிறிஸ்மஸ் குடிலுக்கு முன்னால் போய் நின்றது. குடில் நான் கட்டியது. கடற்கரை மணல், சாக்குத் துணியில் மலை, கண்ணாடித் துண்டில் குளம், மாமனார் காலத்து மாடு, காது உடைந்த கழுதை. மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவில் தொட்டில் காலியாக இருக்க வேண்டும். கிறிஸ்மஸ் ராத்திரி வரைக்கும் எங்கள் வீட்டுத் தொட்டில் காலிதான். குனிந்து பார்த்தால் அதில் ஒரு பிளாஸ்டிக் குழந்தை, ரோஸ் கன்னம், கடையில் ஒட்டின விலைச் சீட்டு காலடியில் அப்படியே. பிறக்காத பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள். "இந்த வீட்டுல ஒரு அருமையான வழக்கம் இருந்தது" என்றான் இளம்பரிதி. "மரத்துல செஞ்ச குழந்தை ஏசு சுரூபம் ஒண்ணு. வருஷம் பூரா வீட்டுல எங்கேயோ மறைச்சு வச்சிருப்பாங்க. நடுராத்திரிப் பூசை முடிஞ்சதும் மூத்த மருமகள்தான் எடுத்துத் தொட்டில்ல வைக்கணும். எங்க இருக்குன்னு ஆம்பளைங்களுக்குத் தெரியக்கூடாது. மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆகலை, அதனால அந்த வழக்கம் அப்படியே நின்னுபோச்சு. சுரூபமும் தொலைஞ்சுபோச்சுன்னு சார் சொன்னார்." தொலைந்துபோயிற்றாம். போன மாதம் பெர்னார் போனில் கேட்டான். "அண்ணி, அந்தச் சுரூபம் எங்கதான் இருக்கு? இப்பவாவது சொல்லுங்க." "ஆம்பளைங்க கேக்கக்கூடாதுடா, போய் உன் பொண்டாட்டிய வரச் சொல்லு" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆக, சொன்னது அவன்தான். பையன் குழப்பவில்லை. பெர்னார்தான், யோசித்து, ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறான், நான் வாரிவிட்ட அந்தத் தலையை வைத்துக்கொண்டு. எனக்குக் கண் கலங்கவில்லை, ஆச்சரியம். காதுக்குள் மட்டும் இரைச்சல். மாமியார் என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போனது நினைவுக்கு வருகிறது, கல்யாணமான முதல் கிறிஸ்மஸ். அதிகம் பேசாத மனுஷி. என் வளையலை மேலே தள்ளிவிட்டு, கையைப் பிடித்து உள்ளே விட்டு, "இங்கதான் தூங்குது. இனிமே உன் கைதான் எடுக்கணும், உன் கைதான் வைக்கணும்" என்றார். எனக்குப் பிள்ளை தங்கவில்லை என்று தெரிந்த பிறகும் அந்த உரிமையை என்னிடமிருந்து வாங்கி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த ஒரு ராத்திரி என் கையிலும் ஒரு பிள்ளை இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் செத்த வருஷம்கூட, வெள்ளைப் புடவையோடு நான்தான் வைத்தேன். நின்றுபோயிற்றாம்!

"அடுத்து சமையல்கட்டு" என்றான். வாசலில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்க வேண்டுமாம். என் காஸ் அடுப்பைத் துணி போட்டு மூடி, எங்கிருந்தோ கொண்டுவந்த மண்சட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள், போன்களைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். மூலையில் என் அரிசி டிரம் நிற்கிறது. அதன்மேலும் வெள்ளைத் துணி. கயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் குனிந்தபோது யோசித்துச் செய்ததாக நினைவில்லை, கைதட்டினபோது எப்படி யோசிக்கவில்லையோ அப்படித்தான், ஆனால் இந்தத் தடவை கை எனக்காக வேலை செய்தது. "மேடம், உள்ள போகக்கூடாது, கயிறு கட்டியிருக்கு" என்றான் அவன். துணியை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். "மேடம்!" முழங்கைவரை அரிசிக்குள் விட்டேன். பச்சைப் பட்டையும் உள்ளே போயிற்று. அரிசி குளிர்ச்சியாக இருந்தது. ஒரு கணம் எதுவும் தட்டுப்படவில்லை, அந்த ஒரு கணம் எனக்கு உயிரே போய்விட்டது, நிஜமாகவே தொலைந்துவிட்டதோ, நிஜமாகவே நான் காவலுக்கு இருக்கிற ஒரு அம்மாதானோ, இத்தனை வருஷமும் மருமகள் என்று நானாக நினைத்துக்கொண்டதுதானோ. பிறகு விரலில் அந்தச் சின்னப் பாதம் பட்டது.

எடுத்தேன். அரிசி பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு முழம்கூட இல்லை, வர்ணம் போன கன்னம், ஒரு விரல் இல்லாத கை. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். வாசலில் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். இதுவும் டூரில் சேர்த்தி என்று நினைத்து ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார், பட்டுப்புடவை அம்மாள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் முகத்தையும், கையிலிருக்கிற பட்டையையும், சுவரில் சதுரம் வெளுத்த கூடத்துப் பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப நீங்க..." என்றாள். "மூத்த மருமக" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. இளம்பரிதி மைக்கைக் கழுத்துக்குக் கீழே இறக்கிவிட்டான். முகம் வெளுத்துப்போயிற்று, பாவம், அவனுக்கு என்ன தெரியும். "மேடம், எனக்கு அவங்க அனுப்பினதைத்தான் நான்..." "தெரியும்ப்பா" என்றேன். "இந்தக் குழந்தையை இப்ப வைக்கக்கூடாது. இன்னும் பிறக்கலை. அந்தப் பொம்மையை எடுத்துடச் சொல்லு." சுரூபத்தை மறுபடியும் அரிசிக்குள் படுக்கவைத்து, மேலே அரிசியைத் தள்ளி மூடினேன். எங்கே இருக்கிறது என்று இப்போது ஆம்பளைகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, மாமியார் மன்னிக்கட்டும். "கிறிஸ்மஸ் ராத்திரி பூசை முடிஞ்சு வாங்க எல்லாரும். டிக்கெட் வேண்டாம். நான்தான் வைப்பேன்." "கட்டாயம் வரோமுங்க" என்றாள் பட்டுப்புடவை அம்மாள், அவள் ஊருக்குத் திரும்புகிற நாள் எது என்று அவளுக்கே நினைவில்லை போலிருக்கிறது. பொங்கலுக்கு அப்புறம் என்ன நடக்கும், பெர்னார் எந்தக் காகிதத்தோடு வருவான், என் பக்கம் யார் நிற்பார்கள், எனக்குத் தெரியாது. மேடையில் இருந்த அரிவாள்மனையை இழுத்து, பட்டையை அதன் முனையில் கொடுத்து அறுத்தேன். வாசலில் அடுத்த வேன் வந்து நிற்கிற சத்தம், "கையை நீட்டுங்க" என்று அந்தப் பெண்ணின் குரல். இளம்பரிதி போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்த வயசான அம்மாவை எப்ப இல்லத்துக்கு அழைச்சிட்டுப் போறதாச் சொன்ன?"

"பொங்கலுக்கு... பொங்கலுக்கு அப்புறம்னு."

"அந்த அம்மா வரமாட்டாங்களாம். சார்கிட்ட சொல்லிடு."